கொன்றவன் வீட்டு வாசல்

படுகொலைச் செய்தி ஒன்று வந்ததும் மனம் முதலில் எண்ணிக்கையைத் தேடுகிறது. அடுத்து, கொன்றவன் யார், எந்த ஊர், என்ன மதம் என்று கேட்கிறது. இறந்தவர்கள் அதற்கப்புறம்தான் வருகிறார்கள். கொன்றவனுக்கும் ஒரு வீடு உண்டு, அங்கேயும் அன்று இரவு அடுப்பு மூட்டாமல் யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு அநேகமாக வருவதே இல்லை.

இந்த லெந்து நாட்களில் அந்த வீட்டைப் பற்றி மட்டும் எழுதிப் பார்க்கிறேன். இரக்கம் என்று பொதுவாக எழுத ஆரம்பித்தால் கை தானாகவே பிரசங்கம் எழுதிவிடும். வீடு என்றால் வாசல் இருக்கும், வாசலுக்கு நடந்து போக வேண்டியிருக்கும்.

*

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் பகுதியில் நிக்கல் மைன்ஸ் என்ற சிற்றூர். ஆமிஷ் கிறிஸ்தவர்கள் வாழும் இடம். குதிரை வண்டியில் போகிறவர்கள், போருக்குப் போகாதவர்கள், தங்களுக்கு இழைக்கப்பட்ட தீங்குக்காக வழக்குப் போடாதவர்கள். 2006 அக்டோபர் 2, திங்கட்கிழமை காலை, அங்கிருந்த ஓரறைப் பள்ளிக்கூடத்துக்குள் 32 வயது ஆள் ஒருவன் துப்பாக்கிகளோடு நுழைந்தான். பையன்களையும் பெரியவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். மூத்தவளுக்கு வயது 13, இளையவளுக்கு 7. பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான்.

ஆமிஷ் பண்ணைகளில் பால் எடுத்துப் போகும் லாரியின் டிரைவர் அவன். அந்தப் பிள்ளைகளின் வீட்டாருக்கு முகம் தெரிந்தவன். ஒன்பது வருஷத்துக்கு முன் பிறந்து சில நிமிடங்களிலேயே இறந்துபோன தன் மகளுக்காகக் கடவுள்மேல் கோபமாக இருந்ததாக எழுதி வைத்துவிட்டு வந்திருந்தான். அவன் பெயர் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை.

அன்று சாயங்காலமே ஆமிஷ்காரர்கள் சிலர் அவன் மனைவியைத் தேடிப் போனார்கள். இன்னொருவர் அவனுடைய அப்பா அம்மா வீட்டுக்குப் போனார். சுடப்பட்ட சிறுமிகள் ஆஸ்பத்திரிகளில் கிடந்த நேரம் அது. உங்கள்மேல் எங்களுக்குப் பகை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த வாரச் சனிக்கிழமை அவனை அடக்கம் செய்தபோது வந்திருந்தவர்கள் ஏறக்குறைய 75 பேர். அதில் பாதிக்கு மேல் ஆமிஷ் சபையார். அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் தங்கள் மகளைக் குழிக்குள் இறக்கியிருந்த பெற்றோரும் அவர்களில் இருந்தார்கள். கல்லறையில் டி.வி. கேமராக்களுக்கும் அவன் குடும்பத்தாருக்கும் நடுவில் போய், கேமராக்களுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றுகொண்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்த உதவி அதுதான். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

உலகெங்கும் இருந்து வந்த நன்கொடையில் ஒரு பங்கை அவனுடைய மனைவி மக்களுக்கும் ஒதுக்கினார்கள். பள்ளிக்கூடத்தைப் பத்தாம் நாள், விடியுமுன்பே இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் புல் முளைக்க விட்டார்கள். புதுப் பள்ளி ஆறு மாதம் கழித்து வேறிடத்தில் திறந்தது.

*

நம் கன்வென்ஷன் மேடைகளில் இந்தக் கதையை மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பார்த்தீர்களா, அவர்கள் மன்னித்தார்கள், நீங்கள் உங்கள் மாமியாரை மன்னிக்கக்கூடாதா என்று போய் நிற்கிறது. எனக்கு எரிச்சலாக இருக்கும். ஐந்து பிள்ளைகளின் சாவு ஒரு உவமைக்குத் தொட்டுக்கொள்ள வைத்த ஊறுகாய் ஆகிவிடுகிறது.

அந்தச் சமயத்திலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் சிலர் எதிர்த்து எழுதினார்கள். இத்தனை சீக்கிரம் வரும் மன்னிப்பு எப்படி உண்மையாக இருக்கும், கேட்காதவனுக்கு எதற்கு மன்னிப்பு, கோபப்படாத மனிதர் இறந்த குழந்தைக்கு நியாயம் செய்தவரா என்று. மேடையில் கைதட்டுகிறவர்களைவிட இப்படிக் கேட்டவர்கள்தான் அந்தச் சம்பவத்தை மதித்தவர்கள் என்று நினைக்கிறேன்.

ஆமிஷ் வாழ்வை நெடுநாள் ஆராய்ந்த மூன்று அறிஞர்கள் மறுவருஷமே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அதிலிருந்து எனக்குக் கிடைத்தது இது: அவர்களிடம் மன்னிப்பு என்பது முதலில் ஒரு தீர்மானம். பகை கொண்டாடமாட்டோம் என்ற தீர்மானம். கோபம் வடிவது வேறு வேலை. அது வருஷக்கணக்கில் நடக்கும், சில நாள் பின்னோக்கியும் போகும். பிள்ளையை இழந்த குடும்பங்கள் ஆலோசகர்களிடம் போனார்கள், அழுதார்கள், உறக்கம் கெட்டார்கள். தீர்மானம் மட்டும் அன்று சாயங்காலமே தயாராக இருந்தது. அதை அவர்கள் அன்றைக்கு எடுக்கவில்லை. நூற்றாண்டுகளாக எடுத்து வைத்திருந்ததை அன்றைக்கு வெளியே கொண்டுவந்தார்கள்.

அவர்கள் வீடுகளில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தகம் 1660இல் டச்சு மொழியில் வெளிவந்த இரத்தசாட்சிகளின் சரித்திரம். அதில் டிர்க் வில்லெம்ஸ் என்பவரின் கதை உண்டு. 1569, நெதர்லாந்தின் ஆஸ்பெரென். சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின்மேல் ஓடுகிறார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுகிறான். டிர்க் திரும்பிப் போய் அவனைக் கரையேற்றுகிறார். அதனாலேயே பிடிபட்டு, எரிக்கப்படுகிறார். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் 2006இல் அந்தப் பெற்றோர்கள்.

கதைக்கு அவ்வளவு பலமா என்று கேட்கலாம். எந்தக் கதையை எத்தனை தடவை சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. பழிவாங்கும் கதையை நாம் எத்தனை சினிமாவாகப் பார்த்திருக்கிறோம்.

*

இன்னொன்று கவனித்தேன். அன்று சாயங்காலம் முதலில் நடந்து போனவர்கள் அக்கம்பக்கத்தார். பிள்ளையை இழந்த பெற்றோர் அல்ல. இழந்தவர்கள் உட்கார்ந்து அழட்டும் என்று விட்டுவிட்டு, ஓரடி தள்ளி நின்றவர்கள் கிளம்பினார்கள்.

நம் வழக்கம் தலைகீழ். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் மைக்கை நீட்டி, கொன்றவனை மன்னிக்கிறீர்களா என்று கேட்கிறோம். ஆம் என்றால் புனிதை, இல்லை என்றால் பாவம் அவளுக்கு விசுவாசம் போதவில்லை. அவள் ஏன் பதில் சொல்ல வேண்டும்? மன்னிக்கும் உரிமை அவளுடையது. நடந்து போகும் கடமை நம்முடையது.

*

சிலுவையில் இயேசு, நான் உங்களை மன்னிக்கிறேன் என்று சொன்னதாக நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. பக்கவாதக்காரனிடம் அப்படி நேராகச் சொன்னவர்தான். ஆணி அடித்தவர்களைப் பற்றி மட்டும் பிதாவிடம் பேசுகிறார், அவர்களை மன்னிக்கும்படி. இதிலிருந்து பெரிய உபதேசம் கட்ட நான் துணியமாட்டேன். ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது மன்னிப்பை மேலே ஒப்படைத்துவிட இடம் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நீர் செய்யும், என்னால் இப்போது ஆகாது. இதுவும் ஜெபந்தான்.

*

2 சாமுவேல் 21. எங்கள் கோயிலில் இந்த அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம் கேட்ட ஞாபகம் இல்லை.

சவுல் ராஜா கிபியோனியரை வேரோடு அழிக்கப் பார்த்தவன். அவன் செத்து வருஷங்களான பிறகு, தாவீதின் ஆட்சியில் மூன்று வருஷம் பஞ்சம். காரணம் சவுல் சிந்திய ரத்தம் என்று தெரிகிறது. என்ன பரிகாரம் என்று தாவீது கேட்க, மிச்சம் இருந்த கிபியோனியர் பணம் வேண்டாம் என்கிறார்கள். சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்கிறார்கள். தாவீது கொடுக்கிறான். ஏழு பேரும் மலையில் தூக்கிலிடப்படுகிறார்கள். கொன்றவன் இல்லை. கொன்றவன் வீடு இருக்கிறது. பழி வீட்டுக்குப் போகிறது.

அந்த ஏழு பேரில் இருவர் சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் மகன்கள். அவள் இரட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையின்மேல் விரிக்கிறாள். வாற்கோதுமை அறுப்பு தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை அங்கேயே இருக்கிறாள். பகலில் பறவைகளை விரட்டுகிறாள், ராத்திரியில் மிருகங்களை. தன் பிள்ளைகள் இருவரை மட்டும் காத்ததாகச் சொல்லப்படவில்லை. ஏழு பேரையும் காக்கிறாள். மாதக்கணக்கில் அந்தப் பாறைக்கு யாராவது வந்தார்களா என்று அதிகாரம் சொல்வதில்லை. ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோனவர்கள்கூட இருந்திருக்கமாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கொலைகாரன் வீட்டுப் பெண்ணிடம் யார் போவார்கள்.

அவள் செய்தது தாவீதின் காதுக்கு எட்டுகிறது. அதன் பிறகுதான் அவன் அசைகிறான். சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் யாபேசிலிருந்து வரவழைத்து, இந்த ஏழு பேரின் எலும்புகளையும் சேர்த்து முறைப்படி அடக்கம் செய்ய வைக்கிறான். தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்ற செய்தி அதற்கப்புறமே வருகிறது. தூக்கிலிட்டதற்கு அடுத்த வரியில் வரவில்லை, அடக்கத்துக்கு அடுத்து வருகிறது. எழுதியவர் அறிந்துதான் அந்த இடத்தில் வைத்தார் என்று நம்ப விரும்புகிறேன்.

அந்த அதிகாரத்தில் கிபியோனியரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இழந்தவர்கள். தாவீதைத்தான் கேட்கிறேன். நடுவில் நின்றவன் அவன். கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

*

நிக்கல் மைன்ஸில் சுட்டவனின் தாய் டெரி ராபர்ட்ஸ். பிறகு புத்தகம் எழுதினார், பல ஊர்களில் பேசினார். 2017இல் புற்றுநோயால் இறந்தார். சுடப்பட்டுப் பிழைத்த சிறுமிகளில் ஒருத்திக்கு 2006இல் வயது ஆறு. தலையில் குண்டு. பேச்சு இல்லை, நடை இல்லை. டெரி வாரம் ஒருநாள் மாலை அந்த வீட்டுக்குப் போய், அவளைக் குளிப்பாட்டி, கதை வாசித்து, பாட்டுப் பாடி இருந்துவிட்டு வருவார்.

ஆமிஷ்காரர்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்ததை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடக் கடினமாகத் தெரிவது இந்தத் திரும்பி வரும் நடை. தன் மகன் ஆக்கிவைத்த உடம்பைக் கையால் தொட்டுக் குளிப்பாட்ட வேண்டும். அதைவிட, அந்தச் சிறுமியின் தாய் கதவைத் திறந்துவிட வேண்டும். ஒரு தடவை உணர்ச்சி வேகத்தில் திறந்துவிடலாம். வாராவாரம்?

*

2019 ஏப்ரல் 21, இலங்கையில் ஈஸ்டர். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள். இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகளில் 260க்கு மேற்பட்ட உயிர்கள். சீயோனில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற பிள்ளைகள். செவ்வாய்க்கிழமைதோறும் எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்கும் கோயில் கொச்சிக்கடை அந்தோனியார். அங்கே குண்டு வைக்கிறவனுக்கு அந்த வரிசையில் தன் மதத்தவரும் நின்றிருப்பார்கள் என்று தெரிந்திருக்காதா?

குண்டுதாரிகள் செத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டு வாசலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் நிக்கல் மைன்ஸ் பாடம் அங்கே செல்லுபடியாகவில்லை. தெமட்டகொடையில் போலீஸ் போனபோது வீட்டுக்குள்ளேயே குண்டு வெடித்தது. ஐந்து நாள் கழித்து சாய்ந்தமருதில் இன்னொரு வீடு, குழந்தைகளோடு. போய்த் தட்ட வாசலே மிஞ்சவில்லை.

ஆனால் பழிக்கு வாசல் தேவை. கிடைக்காவிட்டால் தெருவையே வீடாக எடுத்துக்கொள்ளும். அடுத்த நாட்களில் நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த அகதிகள் நூற்றுக்கணக்கில் வெளியேற வேண்டி வந்தது. பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள், அகமதியா முஸ்லிம்கள் நிறையப் பேர். தங்கள் நாட்டில் இதேபோன்ற வெறியர்களுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள். அவர்களில் பாகிஸ்தான் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள், அல்லது பக்கத்தில் இருந்தவர்கள் சொல்ல வைத்தார்கள். மசூதியிலும் போலீஸ் நிலையத்திலும் போய்ப் படுத்தார்கள். மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடை பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் மசூதிகளும் தாக்கப்பட்டன, ஒருவர் கொல்லப்பட்டார். அந்த மே மாதத் தாக்குதல்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனால் ஏப்ரலில் நீர்கொழும்பில் வீட்டைக் காலி செய்யச் சொன்ன தெருக்கள் நம்மவர்கள் நெருங்கி வாழும் தெருக்கள். அதை மறைத்து எழுத முடியாது.

கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆரம்பத்திலிருந்தே, முஸ்லிம்கள்மேல் கை வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கட்டுவாப்பிட்டியவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புதைத்துவிட்டு நின்ற மக்களிடம் இதைச் சொல்வது லேசான காரியம் இல்லை. சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. கேட்டவர்களால் எத்தனை வீடு எரியாமல் தப்பியது என்று கணக்கிட வழி இல்லை. நடக்காத கொலைக்கு நினைவுத்தூண் யாரும் வைப்பதில்லை.

*

மறுவருஷம், 2020 ஈஸ்டர் திருப்பலியில் கர்தினால், குண்டு வைத்தவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். அதற்கப்புறம் அவரே நீதி கேட்டு ஓயவில்லை. இந்தியாவிலிருந்து எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது, தடுக்கவேண்டியவர்கள் தடுக்கவில்லை. 2021இல் பங்குகளில் மக்கள் கறுப்புடை அணிந்து திருப்பலிக்கு வந்தார்கள். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. போலீஸ், உளவுத்துறை, பாதுகாப்பு அமைச்சின் உயரதிகாரிகளுக்கும் தனித்தனித் தொகை.

மன்னித்தபிறகு எதற்கு வழக்கு என்று ஒரு நண்பர் கேட்டார். வெளிப்படுத்தின விசேஷத்தில் பலிபீடத்தின் கீழே இருக்கும் இரத்தசாட்சிகள் பரலோகம் போயும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், எதுவரைக்கும் ஆண்டவரே என்று. அங்கே அவர்களை யாரும் வாயை மூடச் சொல்லவில்லை. வெள்ளை அங்கி கொடுக்கப்படுகிறது, கொஞ்சம் பொறுக்கச் சொல்லப்படுகிறது. நிக்கல் மைன்ஸில் வழக்கே இல்லை, சுட்டவன் செத்துப்போனான், அவனுக்குப் பின்னால் அமைப்பும் இல்லை, அலட்சியம் காட்டிய அரசும் இல்லை. ஆகவே அந்தக் கதையை எடுத்துக்கொண்டு போய் மட்டக்களப்புத் தாய்மாரிடம், வழக்கை விடுங்கள் என்று சொல்கிறவன் இரண்டையும் புரிந்துகொள்ளாதவன். பொறுப்பில் இருந்தவனைக் கூண்டில் ஏற்றுவது அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள்மேல் காட்டும் இரக்கம்.

*

ஏரோது பெத்லகேமின் ஆண்குழந்தைகளைக் கொன்றதை எழுதும்போது மத்தேயு ஆறுதல் ஒன்றும் சொல்வதில்லை. ராகேல் அழுகிறாள், தேற்றிக்கொள்ள மறுக்கிறாள். அவ்வளவோடு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். சுவிசேஷத்திலேயே ஒரு தாய்க்குத் தேறாமல் இருக்க அனுமதி கிடைத்திருக்கிறது. இந்த வாரம் முழுவதும் அதை மட்டும் வாசித்தேன்.

*

எங்காவது இப்படிப் படுகொலை நடந்தால் எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பொது ஜெபத்தில் இறந்தவர்களுக்காக, காயப்பட்டவர்களுக்காக, குடும்பங்களுக்காக, அதிகாரிகளுக்காக ஜெபிக்கிறோம். குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சேகரகுருவிடம் போய், கொன்றவனுடைய வீட்டாருக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமா, அவர்கள் மேல் யாரும் கைவைக்காதபடி, என்று கேட்டேன். இளைஞர், நிதானமானவர். கொஞ்ச நேரம் அங்கியின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சேர்க்கலாம் அண்ணாச்சி. ஆனா நாளைக்கு நம்ம சபையிலயே ஒருத்தர் பிள்ளையக் கொன்னுட்டாம்னு வைங்க. அந்த அம்மா முன்வரிசையில உக்காந்திருக்கையில இந்த வரிய வாசிக்கணும். அப்ப வாசிக்கவா, விட்டுரவா?"

அன்றைக்கு நீங்கள் வாசிக்க வேண்டாம், நாங்கள் ரெண்டு பேர் எழுந்து அந்த வீட்டுக்குப் போகிறோம், நீங்கள் அந்த அம்மா பக்கத்தில் இருங்கள் என்றேன். சரி, யார் அந்த ரெண்டு பேர், இப்பவே பேர் குடுத்துருங்க என்றார். என் பெயரைக் கொடுத்தேன். இன்னொரு பெயருக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.